திடீரென நினைவிழந்த நோயாளி: காரணத்தைத் தேடும் முறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சற்று முன்புவரை பேசிக்கொண்டிருந்த ஒருவர், அழைத்தாலும் தோளைத் தட்டி உலுக்கினாலும் பதில் தராத நிலைக்குப் போய்விடுகிறார். அப்போது எந்த வரிசையில் யோசிப்பது, கையில் கிடைத்த விளக்கம் போதுமா என்று எப்படி முடிவு செய்வது என்று, அவசர சிகிச்சைப் பிரிவிலும் வார்டுகளிலும் புதிதாகப் பணியில் சேர்ந்த மருத்துவர்களும் செவிலியர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். குறிப்பிடப்படும் மருந்து அளவுகள் பெரியவர்களுக்கானவை. அவரவர் பணியிடத்தின் நெறிமுறை வேறாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

நோயாளியின் அருகில் சென்றதும் முதலில் யோசிக்க வேண்டிய நோய் எது?

எந்த நோயையும் அல்ல. மூச்சு இருக்கிறதா, நாடி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பத்து விநாடிக்குள் விடை தேட வேண்டும். கழுத்து நாடி தெளிவாகக் கிடைக்கவில்லை என்றால், "இருக்கிறதோ என்னவோ" என்று மறுபடி மறுபடி தடவிக்கொண்டிராமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்தத் தொடங்கி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

இதயம் நின்ற பிறகும் ஓரிரு நிமிடங்களுக்கு, மீன் தரையில் கிடந்து வாயைத் திறப்பதுபோல, விட்டு விட்டு ஒரு மூச்சு வரக்கூடும். அது சுவாசம் அல்ல. "மூச்சு வாங்குகிறார், அதனால் உயிருக்கு ஆபத்தில்லை" என்று சுற்றியிருப்பவர்கள் நம்புவதற்கும், அதனால் நேரம் வீணாவதற்கும் இந்த மூச்சே காரணமாகிறது. இதயம் நின்ற நேரத்தில் கைகால்கள் சற்று வெட்டி இழுப்பதும் உண்டு. அதை வலிப்பு என்று எண்ணிக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த சம்பவங்கள் பல.

உறவினர்கள் "மயக்கம்" என்று சொன்னால் எதை எடுத்துக்கொள்வது?

எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விவரம் கேட்க வேண்டும். நம் மொழியில் தலைசுற்றலும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், விழுந்து அரை நிமிடத்தில் எழுந்துவிடுவதும் மயக்கம், மூன்று மணி நேரமாகக் கண் திறக்காமல் கிடப்பதும் மயக்கம். "மயக்கமாக இருக்கிறது என்று காலையில் சொன்னார்" என்ற ஒரு வாக்கியம், மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் குறைந்ததால் வந்த தலைசுற்றலையும் குறிக்கலாம், சர்க்கரை இறங்கியதையும் குறிக்கலாம், உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருப்பதையும் குறிக்கலாம்.

ஆகவே, "அறை சுற்றியது போல இருந்ததா, கண் இருட்டியதா, உடல் அசந்துபோனதா?" என்று பிரித்துக் கேளுங்கள். கூடவே, விழுந்தவர் எத்தனை நேரத்தில் கண் திறந்தார் என்றும் கேளுங்கள். மூளைக்குச் செல்லும் ரத்தம் சற்று நேரம் குறைந்து வரும் சாதாரண மயக்கத்தில், படுக்கவைத்த ஓரிரு நிமிடங்களுக்குள் நினைவு முழுமையாகத் திரும்பிவிடும். நீங்கள் வந்து சேர்ந்த பிறகும் அவர் கண் திறக்கவில்லை என்றால், அந்தப் பெயர் இனி பொருந்தாது. வேறு காரணம் தேட வேண்டும்.

நினைவு தவறுவதற்கு மூளையில் என்ன நடக்க வேண்டும்?

விழிப்பு நிலையைக் காக்கும் நரம்பணுக்களின் வலைப்பின்னல் மூளைத்தண்டின் மேற்பகுதியில் இருக்கிறது என்பதை மொருட்ஸி, மாகூன் ஆகிய இருவரும் 1949-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த வலைப்பின்னல் பழுதடைய வேண்டும், அல்லது பெருமூளையின் இரு பாதிகளும் ஒரே நேரத்தில் செயலிழக்க வேண்டும். நினைவிழப்புக்கு உடற்கூறு தரும் வழிகள் இவ்வளவுதான்.

இதில் உடனடியாகப் பயன்படும் ஒரு முடிவு இருக்கிறது. பெருமூளையின் ஒரு பாதியில் மட்டும் ஏற்படும் பக்கவாதம், வீங்கி மறுபாதியையோ மூளைத்தண்டையோ அழுத்தினால் ஒழிய, ஆழ்ந்த நினைவிழப்பைத் தராது. "வலது கைகால் வரவில்லை, ஆளும் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார், ஆகவே பக்கவாதம்" என்ற வாதம் அதனால் பாதியில் நிற்கிறது. உள்ளே பெரிய ரத்தக்கசிவா, மூளைத்தண்டு பாதிப்பா, வலிப்புக்குப் பிந்தைய தற்காலிகச் செயலிழப்பா, சர்க்கரைக் குறைவா என்று அடுத்த படிக்கு அது போயாக வேண்டும். ஒரு பக்கம் செயலிழப்பது போன்ற தோற்றத்தைச் சர்க்கரைக் குறைவே தரும் என்பதைப் பார்க்காதவர்கள் நம்புவதில்லை. ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன் சர்க்கரையைப் பார்க்கச் சொல்வது ஏன்? நோயாளிக்கு நீரிழிவே இல்லையே?

அதைப் பார்க்க ஒரு துளி ரத்தமும் சில விநாடிகளும் போதும். குறைவு இருந்தால் சரிசெய்வது எளிது. பார்க்காமல் விட்டால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் சோதனை வேறில்லை. நீரிழிவு இல்லாதவருக்கும் கல்லீரல் செயலிழப்பு, கடும் நோய்த்தொற்று, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, பட்டினியோடு சேர்ந்த மது ஆகியவற்றால் சர்க்கரை இறங்கும். பிறருடைய மாத்திரையைத் தவறுதலாக விழுங்கியவரும் உண்டு.

டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே போனால் குறைவு. 54-க்குக் கீழே போனால் உடனடி நடவடிக்கை தேவைப்படும் குறைவு. வழக்கமாக 25 கிராம் குளுக்கோஸ், அதாவது 25 சதவீதக் கரைசலாக இருந்தால் 100 மி.லி., நரம்பு வழியே தரப்படுகிறது. நரம்பு கிடைக்காவிட்டால், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியேற்றும் குளுக்ககான் 1 மி.கி. தசையில் போடலாம். கல்லீரலில் சேமிப்பு இல்லாதவருக்கு அது பெரிதாக உதவாது.

சர்க்கரையைச் சரிசெய்ததோடு சிந்தனை முடிந்துவிடுவதில்லை. 48 என்று இருந்த அளவு 130 ஆன பிறகும், பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழித்தும் நோயாளி விழிக்கவில்லை என்றால், ஒன்று அந்தக் குறைவு நெடுநேரம் நீடித்து மூளையைப் பாதித்திருக்க வேண்டும், அல்லது இரண்டாவது காரணம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவதைத் தேடி இல்லை என்று உறுதி செய்யும் முன் முதலாவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். விழித்தவரைப் பொறுத்தும் ஒரு கவனம் தேவை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவருக்கு, சிறுநீரகமும் பழுதுபட்டிருந்தால், ஒரு நாளைக்கு மேலும் சர்க்கரை மீண்டும் மீண்டும் இறங்கும். அவரை விழித்தவுடன் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

நோயாளி பேசமாட்டார் என்பதால் விவரம் கிடைக்காது என்று பொருளல்ல. கடைசியாக அவர் நலமாக இருந்ததைத் தம் கண்ணால் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு என்பதே முதல் கேள்வி. காலையில் படுக்கையில் அப்படிக் காணப்பட்டார் என்றால், தொடங்கிய நேரம் காலை அல்ல, முந்தைய இரவு அவர் கடைசியாகப் பேசிய நேரம். பிறகு, நொடியில் விழுந்தாரா, மணிக்கணக்கில் மந்தமானாரா என்று கேளுங்கள். நொடியில் என்றால் இதயத் துடிப்புக் கோளாறு, மூளைக்குள் ரத்தக்கசிவு, மூளைத்தண்டின் ரத்தக்குழாய் அடைப்பு, வலிப்பு ஆகியவை முன்னே வரும். மெல்ல என்றால் மருந்து, தொற்று, சோடியம், சிறுநீரகம், கல்லீரல், சுவாசத்தில் கரியமில வாயு தேங்குதல் ஆகியவை முன்னே வரும்.

விழுமுன் "தலை வெடிக்கிறது" என்றாரா, நெஞ்சைப் பிடித்தாரா, இரட்டையாகத் தெரிகிறது என்றாரா? கடந்த சில நாட்களில் தலையில் அடிபட்டதா? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா? மாத்திரைப் பட்டைகளையும் காலிப் புட்டிகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதே அறையில் இருந்த வேறு யாருக்காவது தலைவலியோ வாந்தியோ உண்டா என்ற கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உண்டு என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். அதில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டி நம்மை ஏமாற்றும்.

ஜிசிஎஸ் 7 என்று எழுதினால் போதாதா?

போதாது. நினைவு நிலையை அளக்க டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் 1974-இல் அறிமுகப்படுத்திய கிளாஸ்கோ அளவுகோலின் (ஜிசிஎஸ்) இன்றைய வடிவில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. ஒரே கூட்டுத்தொகை வெவ்வேறு நோயாளிகளைக் குறிக்கும் என்பதால் மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். அதைவிட முக்கியம், இரு பக்கமும் ஒன்றுபோல் அசைகிறதா என்பது. புருவ மேட்டை அழுத்தும்போது இடது கை வலியைத் தேடி மேலே வந்து, வலது கை அசையாமல் கிடந்தால், அளவுகோல் நல்ல பக்கத்தை மட்டுமே எண்ணிக்கொள்ளும். நோயைக் காட்டுவது அது எண்ணாமல் விட்ட பக்கம்.

கண்பாவைகள் எவ்வளவு தூரம் உதவும்?

ஒரு சிறு டார்ச்சுக்கு எதிர்பார்க்க முடியாத அளவுக்கு உதவும். ஆழ்ந்த நினைவிழப்பிலும் இரு பாவைகளும் சமமாக இருந்து ஒளிக்குச் சுருங்கினால், மருந்தோ உடல் ரசாயனக் கோளாறோ காரணமாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு பாவை மட்டும் விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றால், மூளை ஒரு பக்கமிருந்து நழுவி பாவையைச் சுருக்கும் மூன்றாவது மூளை நரம்பை அழுத்துகிறது என்றே முதலில் எடுத்துக்கொண்டு, ஸ்கேனுக்கும் நரம்பியல் அறுவை மருத்துவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லி அனுப்ப வேண்டும். முன்பு செய்த கண் அறுவையோ, பாவையை விரிக்கும் சொட்டு மருந்தோ, முகமூடியின் ஓரம் வழியே கண்ணில் பட்ட, மூச்சுத்திணறலுக்குத் தரும் இப்ராட்ரோப்பியம் ஆவியோ இதே தோற்றத்தைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் நினைவிழந்தவரிடம் அந்தச் சாதாரண விளக்கத்தை முதலில் தேடக் கூடாது.

ஊசிமுனையாகச் சுருங்கிய பாவைகள் என்றால் மூன்று சாத்தியங்கள். மூச்சும் மந்தமாக இருந்தால் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்து. வாயில் நுரை, வியர்வை, தசைகளில் சிறு துடிப்பு ஆகியவை சேர்ந்திருந்தால் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து. கைகால் நான்கும் செயலிழந்து, உயர் ரத்த அழுத்தம் இருந்தால் மூளைத்தண்டின் நடுப்பகுதியில் ரத்தக்கசிவு.

ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு இந்தச் சிந்தனையைக் காட்ட முடியுமா?

பயிற்சி வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது. இடுப்பெலும்பு அறுவை முடிந்து மூன்றாம் நாள். 74 வயது அம்மா. அதிகாலை 4.40-க்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போன செவிலியர், "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டும் பதில் இல்லாததால் பணி மருத்துவரை அழைக்கிறார். முகமூடியில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது, ஆக்சிமீட்டர் 97. நாடி 64, அழுத்தம் 108/60, சர்க்கரை 142. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் "முன்பு சிறு பக்கவாதம்" என்று இருப்பதால், எல்லோர் மனத்திலும் ஓடுவது "மறுபடியும் பக்கவாதம்".

பணி மருத்துவர் ஒரு வேலை செய்கிறார்: தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். ஏழு. முந்தைய ஆறு பதிவுகளிலும் வரிசையாக 18 என்று எழுதியிருக்கிறது, யாரும் எண்ணாமல் எழுதும் அதே 18. பாவைகள் ஊசிமுனை. கைகால்கள் இரு பக்கமும் சமமாக அசைகின்றன. ஆக்சிஜன் கொடுக்கும்போது ஆக்சிமீட்டர் 97 காட்டுவது, காற்று உள்ளே போய் வெளியே வருகிறது என்பதற்குச் சான்றாகாது. கரியமில வாயு தேங்கிக்கொண்டிருந்தாலும் அது அதே 97-ஐக் காட்டும். மருந்து அட்டையில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின். நேற்று மாலை ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் பழுதானால் ஏறும் கிரியேட்டினின் 0.9-லிருந்து 2.6. சிறுநீரகம் செயலிழக்கும்போது, மார்ஃபின் உடலில் மாறி உண்டாகும் பொருள் வெளியேறாமல் தங்கி, அதே வேலையைத் தொடர்ந்து செய்கிறது.

பையும் முகமூடியும் வைத்து மூச்சுக்கு உதவியபடியே ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோனை 0.04 மி.கி. அளவில் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள், நான்காவது முறைக்குப் பிறகு அம்மா கண் திறந்து, "என்னாச்சு?" என்கிறார். முழு அளவை ஒரேயடியாகப் போட்டிருந்தால், இடுப்பு வலியால் கதறியபடி எழுந்திருப்பார்.

பக்கவாதம் என்ற ஊகம் முட்டாள்தனமானது அல்ல. ஆனால் அது உண்மையானால், மூச்சு ஏன் ஏழு, பாவை ஏன் ஊசிமுனை, இரு பக்கமும் ஏன் சமமாக அசைகின்றன என்பவற்றுக்கு அது பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவில்லை. ஓபியாய்டு என்ற விளக்கம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னதோடு, "நலாக்சோன் கொடுத்தால் விழிப்பார்" என்று முன்கூட்டிச் சொல்லி, அதில் தேறவும் செய்தது. நலாக்சோனின் செயல் 30 முதல் 90 நிமிடம்தான். அதனால் 5.50-க்கு அவர் மறுபடி கண் அயர்ந்தபோது யாரும் புதிய நோயைத் தேடவில்லை. ஐசியூவில் சொட்டு முறையில் நலாக்சோன் தொடங்கினார்கள்.

மது வாடை அடித்தால்?

வாடையை எழுதிக்கொண்டு, அது இல்லாதவரைப் போலவே முழுமையாகப் பரிசோதியுங்கள். குடித்தவர்தான் விழுகிறார், தலையில் அடிபடுகிறார், சர்க்கரை இறங்கப்பெறுகிறார், வலிப்பு வரப்பெறுகிறார். மது மட்டுமே காரணம் என்றால் நேரம் செல்லச் செல்ல அவர் தெளிய வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் ஆழமாகப் போயிருந்தால் அந்த விளக்கம் அங்கேயே விழுந்துவிட்டது. "தூங்கித் தெளியட்டும்" என்று சுவர் ஓரமாகத் திருப்பிப் படுக்கவைக்கப்பட்டவரின் மூளையைச் சுற்றி ரத்தம் தேங்கிக்கொண்டிருப்பதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய தவறு.

ரத்த அழுத்தத்திலிருந்து என்ன ஊகிக்கலாம்?

மிக உயர்ந்த அழுத்தமும் குறைந்த நாடித்துடிப்பும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தாழ்ந்த அழுத்தமாக இருந்தால், மூளை நோய் அதன் கடைசிக் கட்டம் வரை பெரும்பாலும் அழுத்தத்தைக் குறைப்பதில்லை என்பதால், பார்வையைத் தலையிலிருந்து கீழே இறக்குங்கள்: மாரடைப்பு, உள்ளே ரத்தக்கசிவு, பெருந்தமனிக் கிழிசல், நுரையீரல் ரத்தக்கட்டி, தொற்று. இசிஜி இல்லாமல் இந்தப் படி முழுமையடையாது.

சிடி ஸ்கேன் "நார்மல்" என்று வந்துவிட்டது. இனி என்ன?

கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் சாய மருந்து) இல்லாத சிடி, பெரிய ரத்தக்கசிவு இல்லை, மூளை நழுவவில்லை என்று சொல்கிறது. அவ்வளவுதான். அது காட்டாமல் விடக்கூடியவற்றில் அவசரமானது, மூளைத்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலார் தமனியின் அடைப்பு. முதல் சில மணி நேரங்களில் ஸ்கேன் சுத்தமாகவே தெரியலாம். விழுமுன் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, குழறிய பேச்சு ஆகியவை வந்து போயிருந்தாலோ, கண்கள் ஒன்றோடொன்று இசையாமல் திரும்பியிருந்தாலோ, ரத்தக்குழாய்களுக்கான சிடி ஆஞ்சியோவை அதே படுக்கையில் அப்போதே எடுக்கச் சொல்ல வேண்டும். அடைப்பை அகற்றும் சிகிச்சைக்கு நேரம் குறைவு.

அடுத்தது, வெளியே துடிப்பில்லாமல் மூளைக்குள் மட்டும் ஓடும் வலிப்பு. வலிப்பு வந்து நின்ற பிறகு, அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று ஆகியும் தெளிவு திரும்பத் தொடங்காவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். இமையோரம் ஒரு சிறு துடிப்பு, ஒரே பக்கம் இழுத்து நிற்கும் கண்கள், வாயின் ஓரத்தில் அசைவு ஆகியவற்றைத் தவிர வேறு அடையாளம் இருக்காது. சில சமயம் அதுவும் இருக்காது. மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி ஒன்றே இதை உறுதி செய்யும்.

இவற்றோடு சோடியம், கால்சியம், தமனி ரத்த வாயு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் வந்துசேரும்.

காய்ச்சல் இருந்தால் வரிசை மாறுமா?

மாறும். மூளையுறைக் காய்ச்சலைச் சந்தேகித்தால், ரத்த கல்ச்சர் எடுத்த கையோடு நோயுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்க வேண்டும். ஸ்கேனுக்கும் முதுகுத்தண்டு நீருக்கும் காத்திருக்கக் கூடாது. ஹெர்பிஸ் மூளையழற்சி இல்லை என்று உறுதியாகும் வரை, வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிரும் சேர்க்கப்படுகிறது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, வெயிலிலோ உழைப்பிலோ இருந்தவர் என்றால், வெப்பவாதம் என்று கொண்டு முதலில் குளிர்விக்க வேண்டும்.

தயமின், ஃபுளூமசெனில் போன்றவற்றை எல்லோருக்கும் கொடுத்துப் பார்க்கலாமா?

சத்துக்குறைவோ நீண்ட காலக் குடியோ இருந்தால் தயமின் (வைட்டமின் பி1) கொடுங்கள். ஆனால் அதற்காகக் குளுக்கோஸைத் தாமதிக்காதீர்கள். தூக்க மாத்திரையின் விளைவை முறிக்கும் ஃபுளூமசெனிலைச் சோதனைக்காகக் கொடுப்பது தவறு. தூக்க மாத்திரைக்குப் பழகியவரிடமும், வலிப்பைத் தூண்டும் வேறு மருந்தைச் சேர்த்து விழுங்கியவரிடமும் அது கட்டுக்கடங்காத வலிப்பைக் கிளப்பும்.

நோயாளி நடிக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியே சற்றுக் கோணலானது. மன உளைச்சலால் பதில் தராமல் போகிறவர் பெரும்பாலும் நடிப்பதில்லை. இமையைத் திறக்கும்போது இறுக மூடிக்கொள்வது அந்தத் திசையைக் காட்டும். உண்மையான நினைவிழப்பில், திறந்துவிட்ட இமை மெதுவாக வழிந்து மூடும், அதை வேண்டுமென்றே செய்வது கடினம். இவற்றைப் பார்த்த பிறகும் சர்க்கரை, இசிஜி, பாவை, மூச்சு எண்ணிக்கை அனைத்தும் முடிந்திருக்க வேண்டும். வலிக்க வைத்து "நிரூபிக்கும்" பழக்கம் எதையும் நிரூபிப்பதில்லை.

பதில் தராதவருக்கு நாம் பேசுவது கேட்குமா?

சிலருக்கு முழுமையாகக் கேட்கும். மூளைத்தண்டின் நடுப்பகுதி பழுதடைந்து, விழிப்பு வலைப்பின்னல் தப்பியிருந்தால், கைகால், முகம், நாக்கு எல்லாம் செயலிழந்தும் நினைவு தெளிவாக இருக்கும். கண்ணை மேலும் கீழும் அசைக்கவும் இமைக்கவும் மட்டும் முடியும். கட்டுவிரியன் கடித்தவருக்கு இமைகளும் மூச்சும் சேர்ந்தே செயலிழந்து, பாவைகள் விரிந்து நின்று, மூளை இறந்துவிட்டது போன்ற தோற்றம் வரலாம். தூக்கத்தில் கடிபட்டிருந்தால் பல் பட்ட தடம்கூடத் தெரியாது. செயற்கை சுவாசத்தில் சில நாட்கள் வைத்தால் இவர்கள் எழுந்து வருகிறார்கள்.

ஆகவே பரிசோதனையில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளியின் இமைகளை விரலால் உயர்த்திப் பிடித்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "மேலே பாருங்கள்" என்று சொல்லி ஐந்து விநாடி காத்திருங்கள். பிறகு "கீழே பாருங்கள்". பார்த்துவிட்டார் என்றால், படுக்கையருகே நடக்கும் பேச்சை அந்த நொடியே நிறுத்தி, அவரிடம் பேசத் தொடங்குங்கள்.